குடிச்சுக் காட்டுங்க சார்

இன்று காலையும் குழாயைத் திறந்தேன். முதலில் காற்று சீறியது. பிறகு சாக்கடை வாடையோடு மஞ்சள் தண்ணீர். உன் ஞாபகம்தான் வந்தது.

அன்றும் இதே வாடை. நீ ஒரு நாளிதழுக்கு நம் பக்கத்துச் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தாய். பள்ளிக்கூடம் விட்டு வந்த என்னையும் இழுத்துக்கொண்டு, குடிநீருக்குப் பொறுப்பான அதிகாரியின் அறைக்குப் போனாய். அவர் டீ சொன்னார். நீ பாட்டிலில் பிடித்து வந்த குழாய்த் தண்ணீரை மேசையில் வைத்தாய்.

"டீ இருக்கட்டும். மொதல்ல இதைக் குடிச்சுக் காட்டுங்க சார். குடிச்சா, குடிச்சாகன்னு எழுதுறேன். குடிக்கலைன்னா அதையும் எழுதுறேன்."

அவர் குடிக்கவில்லை. நீ எழுதினாய். அந்த வாரமே குழாயைத் தோண்டி மாற்றினார்கள். "ஏலே, எங்கிருந்துலே உனக்கு இம்புட்டுத் தைரியம்?" என்றேன். "என் தைரியம் என்ன வாத்தியாரே, பேப்பர் எனக்குப் பின்னால நிக்குது" என்றாய்.

இப்போது என் மனைவி மஞ்சள் காமாலையோடு தேனி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். தெருவில் பல வீடுகளில் காய்ச்சல். நீ போன பிறகு உன் இடத்தில் இருக்கும் நிருபர் தம்பிக்குப் போன வாரம் போன் செய்தேன். நல்ல பையன், குரலை இறக்கிப் பேசினான். "எழுதி அனுப்பிட்டேன் சார். ஆபீஸ்ல அந்தச் செய்தியத் தூக்கிட்டாக. கவர்மெண்ட் விளம்பரம் நின்னுபோகும்னு பயப்படுறாக."

நேற்று அதே நாளிதழில் வந்தது: நம் ஊரில் சுத்தமான குடிநீர் விநியோகம். அதிகாரி கொடுத்த குறிப்பு, ஓர் எழுத்து மாறவில்லை. பரீட்சை எழுதிய பையனிடமே சிவப்புப் பேனாவைக் கொடுத்தால் நூற்றுக்கு நூறு போட்டுக்கொள்வான். பாடம் வருமா?

இன்று நானே பாட்டிலோடு அதிகாரியின் அறைக்குப் போனேன்.

"நீங்க பிரஸ்ஸா?"

"இல்ல சார், ரிட்டயர்டு வாத்தியார். இதைக் குடிச்சுக் காட்டுங்க."

சிரித்தார். "பேப்பர் பாக்கலையா பெரியவரே? தண்ணி நல்லாருக்குன்னு போட்டிருக்காகல்ல. வெயில் ஏறுறதுக்குள்ள வீட்டுக்குப் போங்க."

பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு தேனி பஸ் ஏறினேன். ஆஸ்பத்திரியில் மனைவியின் கட்டிலருகே போய் உட்கார்ந்தேன்.

அவள் கண்ணைத் திறந்து, "பேப்பர்ல வந்திருச்சா?" என்றாள்.

"வந்திருச்சு." பொய்யில்லை.

"அப்பச் சரி. இனிச் சரி பண்ணிருவாக." நிம்மதியாகக் கண்ணை மூடினாள். கொஞ்ச நேரத்தில் குடிக்கத் தண்ணீர் கேட்டாள். பையில் கைவிட்டேன். முதலில் அகப்பட்டது அந்தப் பாட்டில்தான்.

அதை நான் இன்னும் கொட்டவில்லை. யார் மேசையில் கொண்டுபோய் வைக்கட்டும், சொல்லு.