ஒரு லிட்டர் பந்தயம்

3-3-1957, ஞாயிறு

விழுப்புரத்திலிருந்து ஆதிமூலம் அண்ணன் தன் டீசல் வேனில் வந்தார். சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் எங்கள் பழைய பிரெஞ்சுக் காரை வம்புக்கு இழுத்துவிட்டார்.

"மாப்ளே, ஒரு லிட்டருக்கு என் வேன் பன்னெண்டு கிலோமீட்டர் ஓடும், அதுவும் பத்து ஆளோட. உங்க கார் எட்டுகூட தேறாது. வித்துட்டு வாங்க, சேர்ந்து இன்னொரு வேன் ஓட்டலாம்."

என் வீட்டுக்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம். ஆளுக்கு ஒரு லிட்டர் ஊற்றி ஓட்டுவது, தோற்றால் காரை விற்றுவிடுவது என்று வாக்குக் கொடுத்துவிட்டார். முப்பது வருஷம் பிரெஞ்சுக் கோர்ட்டில் எழுதியவர். எந்த வார்த்தையை விழுங்க வேண்டும் என்று மட்டும் தெரியாது.

6-3-1957

காலையிலும் காரைத் துடைக்கிறார், மாலையிலும் துடைக்கிறார். என் முகத்தை ஒரு நாளாவது இப்படிப் பார்த்திருப்பாரா?

9-3-1957

தனியாக அரியாங்குப்பம் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். லிட்டருக்கு எவ்வளவு ஓடியது என்றேன். துணியை எடுத்துக்கொண்டு காரைத் துடைக்கப் போய்விட்டார். சோறும் இறங்கவில்லை. பாவமாகப் போய்விட்டது எனக்கு.

10-3-1957, ஞாயிறு

டாங்கியைக் காலி செய்தார்கள். "ஒரு லிட்டர் பெட்ரோல் ஊத்துங்க மாப்ளே" என்றார் அண்ணன். இவர் அடுப்படிக்கு வந்து ஒரு டின்னைத் தூக்கிக்கொண்டு போனார். நானும் கவனிக்காமல் காரில் ஏறி உட்கார்ந்தேன். ரெட்டியார்பாளையம் தாண்டவில்லை — புகை கக்கி நின்றுவிட்டது.

காரில் கூட வந்த அண்ணன் இறங்கி டாங்கியை மோந்து பார்த்தார். "அட, சீமெண்ணெய்!"

"நீங்கதானே பெட்ரோல்னீங்க மச்சான்? பிரெஞ்சுல பெத்ரோல்னா சீமெண்ணெய். காருக்கு ஊத்துறது எசான்ஸ்."

பச்சைக் குழந்தை மாதிரி முகம்! அண்ணன் வயிறு வலிக்கச் சிரித்தார். பந்தயம் செல்லாது என்றாகிவிட்டது. ரிக்‌ஷாவில் எங்களை வீட்டில் விட்ட அம்மாவாசை, "எனக்கு ரெண்டு இட்லி போதும்மா, எந்த எண்ணெயும் வேணாம்" என்றான். உண்மையில் ஜெயித்தவன் அவன்தான்.

24-3-1957

மறுபந்தயம் எப்போது என்று கேட்டு அண்ணன் கடிதம் போட்டிருக்கிறார். இவர் அதைப் படிக்க மூக்குக்கண்ணாடி கேட்டார். மேஜை இழுப்பறையைத் திறந்தேன். உள்ளே இவருடைய நோட்டு. ஊர் இந்தியாவோடு சேர்ந்ததிலிருந்து புது வார்த்தைகளை எழுதிவைத்துப் படிக்கிறாரே, அதுதான். போன வருஷத்துப் பக்கம் ஒன்றில், முத்து முத்தான கையெழுத்தில்:

எசான்ஸ் — பெட்ரோல்.
பெத்ரோல் — சீமெண்ணெய்.

கீழே இரட்டைக் கோடு வேறு.

அடப்பாவி மனுஷா! எல்லாம் தெரிந்துதானா? சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கிவிட்டது. நோட்டை இருந்த இடத்திலேயே வைத்தேன்.

அண்ணனுக்குப் பதில் நானே எழுதினேன்: டாங்கியில் இன்னும் சீமெண்ணெய் வாடை போகவில்லை, அவசரப்பட வேண்டாம்.