காலிப் பட்டியல்

மார்ச் 4, செவ்வாய்

ஆஸ்பத்திரி ப்ரோகிராமுக்கு நோயாளிகளின் ஒவ்வாமை விவரம் தரும் சர்வீஸை நாளை வேறு சர்வருக்கு மாற்றுகிறோம். முகவரி மட்டும்தான் மாறுகிறது, நாம் எழுதிய ப்ரோகிராம் எதையும் தொட வேண்டாம் என்றார் சாமியார். எங்கள் டீம் லீட். சர்வரே விழுந்தாலும் முகம் மாறாது, அதனால் அந்தப் பெயர். என் மனைவி ரொட்டி வாங்கி வரச் சொல்லியிருந்தாள். வழக்கம்போல மறந்து, வழக்கம்போல வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மார்ச் 5, புதன்

குளியலறையை விட்டு அவள் இன்னும் வெளியே வரவில்லை. தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்கிறது.

அவள் நர்ஸாக இருக்கும் வார்டில் ஒரு பள்ளி ஆசிரியைக்குப் பென்சிலின் ஊசி போட்டிருக்கிறாள். தொண்டை வீங்கி, மூச்சு அடைத்து, அந்த அம்மாள் இப்போது ஐசியூவில். காய்ச்சல் மயக்கத்தில் இருந்தவரிடம் வாயால் கேட்க வழியில்லை. திரையைப் பார்த்தேன், 'ஒவ்வாமை இல்லை' என்றுதான் இருந்தது என்கிறாள். பிறகு தலைமை நர்ஸ் அதே பக்கத்தைத் திறந்தபோது பென்சிலின் என்று சிவப்பில் இருந்ததாம்.

அந்தத் திரை எங்கள் டீம் செய்தது.

மார்ச் 6, வியாழன்

விசாரணை முடியும்வரை அவள் வேலைக்கு வர வேண்டாமாம்.

சாப்பிடும்போது கேட்டாள். "யாரும் நம்பல. நீங்களாவது நம்புறீங்களா?"

தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நம்புகிறேன் என்று சொல்ல வேண்டியதுதானே? வாய் வரவில்லை. அடுத்தடுத்து ஷிஃப்ட் பார்த்தவள், களைத்திருப்பாள், வேறு நோயாளியின் பக்கத்தைப் பார்த்திருப்பாள் — மனசு இப்படியே ஓடியது. நாங்கள் எழுதிய ப்ரோகிராம் பொய் சொல்லாது என்ற திமிர் வேறு.

என் தட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 7, வெள்ளி

அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். பெரிய பையோடு.

மார்ச் 10, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன்.

ப்ரோகிராமில் 'நோயாளி' என்றொரு பகுதி; அதனிடம் ஒவ்வாமைகளைக் கேட்டால், பையில் இருப்பதை எடுத்து நீட்டுவது போல உடனே நீட்டும். ஆனால் அதன் பையில் ஒன்றும் கிடையாது. எங்கோ இருக்கும் சர்வரை அழைத்து, பதில் வாங்கித்தான் தருகிறது. கேட்பவருக்கு அது தெரியவே கூடாது என்றுதான் அப்படிக் கட்டினோம். அதில் எங்களுக்குப் பெருமை வேறு.

சரி, அந்த அழைப்புக்குப் பதில் வராவிட்டால்? அந்த இடத்தை இன்றுதான் ஒழுங்காக வாசித்தேன். பிழையைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டு, ஒரு காலிப் பட்டியலைத் தருகிறது. பட்டியல் காலி என்றால் திரை 'ஒவ்வாமை இல்லை' என்று எழுதுகிறது. சர்வரால் வாயே திறக்க முடியாதபோது, அது 'இல்லை' என்று சொன்னதாக நாங்கள் எழுதி வைத்திருக்கிறோம்.

சர்வரை மாற்றிக்கொண்டிருந்த நேரமும் அவள் திரையைத் திறந்த நேரமும் ஒன்று.

அய்யோ. அவ பாத்திருக்கா. பாத்துட்டுத்தான் போட்டிருக்கா.

மார்ச் 11, செவ்வாய்

சாமியாரிடம் காட்டினேன். முதல் தடவையாக அவர் முகம் மாறியதைப் பார்த்தேன்.

"இது நான் எழுதினதுப்பா. முதல் டெமோவுல திரை நின்னுபோய் மானம் போயிடக்கூடாதுன்னு போட்டேன். அப்புறம் எடுத்துடலாம்னு இருந்தேன்."

"ஆஸ்பத்திரில சொல்லணும் சார்."

"சொன்னா என் வேலை போயிடும்." லேப்டாப்பை மூடிக் கையில் எடுத்துக்கொண்டார். "சரி, வண்டிய எடு."

மார்ச் 14, வெள்ளி

அவள்மேல் தவறில்லை என்று முடிவாகிவிட்டது. சாமியாருக்கு இந்த மாதத்தோடு வேலை முடிகிறது. ஆசிரியை கண் விழித்துவிட்டார். குரல் மட்டும் இன்னும் சரியாக வரவில்லையாம். அவர் நாள் முழுக்கப் பேசிப் பிழைப்பவர்.

அவளுக்குப் போன் செய்தேன், அக்காதான் எடுத்தாள். "விசாரணையில சொன்னதெல்லாம் தெரியும் தம்பி. மெஷின் சொன்னப்புறம் நம்பிட்டீங்க. அவ கேட்டப்ப வாயே திறக்கலியாமே? இல்லன்னு எடுத்துக்கிட்டா."

அவள் தப்பாக எடுத்துக்கொண்டாள் என்று சொல்லவும் எனக்கு வழியில்லை.

மார்ச் 19, புதன்

திருத்தியாகிவிட்டது. இனி பதில் வராவிட்டால் மஞ்சளில் 'தெரியவில்லை' என்று வரும். அரை நாள் வேலைகூட இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

மார்ச் 22, சனி

கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. வேண்டாம் என்கிறாளா? தெரியாது. எடுக்கவில்லை, அவ்வளவுதான் தெரியும்.

மார்ச் 27, வியாழன்

இன்று எடுத்தாள். பின்னால் தள்ளுவண்டிச் சக்கரமும் யாரோ இருமுவதும் கேட்டன. வார்டுக்குத் திரும்பிவிட்டாள் என்று அதில்தான் தெரிந்துகொண்டேன்.

"அன்னைக்கு என்னை நம்பலதானே?"

"நம்பல," என்றேன். உடனே சொன்னேன். "தப்பு என்னுதுதான்."

"ஒருத்தருக்கு ஊசி போடணும். வெச்சிடாதீங்க," என்றாள்.

போனை எங்கோ மேசைமேல் வைத்த சத்தம். தூரத்தில் அவள் குரல் கேட்டது. "ஐயா, உங்களுக்கு எந்த மருந்தாவது ஒத்துக்காதா? ஐயா... உங்களத்தான் கேக்குறேன்."

அந்தப் பெரியவர் பதில் சொல்லும்வரை அவள் காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன்.