மேல் மண்ணில் ஒரு தாரா எலும்பு

புத்தூர்
21.11.2024

அன்புள்ள மகள் தர்சிகாவுக்கு,

நானும் அப்பாவும் சுகமாய் இருக்கிறோம், நோர்வேக் குளிரில் உனக்கும் ஒரு குறையும் வரக்கூடாது என்று வைரவரைக் கும்பிட்டுவிட்டு எழுதுகிறேன். மழை பிடித்துவிட்டது, நீர்வேலி மாமாவின் வாழைத் தோட்டத்தில் தண்ணீர் நிற்கிறது, அப்பாவுக்கு முழங்கால் நோ குறையவில்லை. இரண்டு தரம் போன் எடுத்தும், சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். சொல்ல வந்தது வேறு.

போன மார்கழியில், உன்னோடு அகழ்வாராய்ச்சியில் வேலை செய்யும் றஜிந்தன் அந்தப் பழைய பறவை எலும்புகளை உனக்கு அனுப்பும்வரை எங்கள் வீட்டில் வைத்தானே, மச்சம் மாமிசம் சமைக்காத வீடு என்று நான் முணுமுணுக்க நீ போனில் சிரித்தாய். ஒருநாள் ஓட்டுக்குள்ளால் மழை ஒழுகி, எலும்புப் பெட்டியை இழுத்தபோது நனைந்த கடதாசிப் பைகள் இரண்டு கிழிந்து கொட்டிவிட்டன. எது மேல் மண்ணில் எடுத்தது, எது ஆழத்தில் கீழ் மண்ணில் எடுத்தது என்று தெரியாமல் குத்துமதிப்பாய்ப் பிரித்துப் புதுப் பையில் போட்டுவிட்டேன். அப்பாவிடம் சொன்னதற்கு, "செத்த பறவையின்ரை எலும்புதானே, பேசாமல் இரும்" என்றார். நானும் இருந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ போன் எடுத்து, கீழ் மண்ணில் தண்ணீரில் நீந்தும் தாராவின் எலும்பு கிடப்பதால் அது நல்ல மழைக்காலம், மேல் மண்ணில் கௌதாரிதான், வறண்ட காலம் என்று நினைத்தேனம்மா, ஆனால் அதிலும் ஒரு தாரா இருக்கிறது, மழை திரும்பி வந்திருக்கிறது, அடுத்த மாத ஆராய்ச்சிக் கூட்டத்தில் இதைத்தான் சொல்லப்போகிறேன் என்று துள்ளினாய். நான் ஓம் ஓம் என்றேன். போனை வைத்ததும், அந்தத் தாராவை நான்தான் மாறி மேல் மண் பையில் போட்டேனோ என்று யோசித்தேன்.

செவ்வாய்க்கிழமை பஸ் ஏறி அச்சுவேலிக்கு, றஜிந்தன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் பைகளில் போடமுதல் ஒவ்வொரு எலும்பையும் படம் எடுத்து வைத்திருக்கிறான். தேடிக் காட்டினான். அந்தத் தாரா கீழ் மண்ணுக்குரியதுதான். பிறகு, "அன்ரி, நான் சொன்னா உங்களைக் காட்டிக்குடுத்த மாதிரி இருக்கும், நீங்களே தர்சிகா அக்காவுக்கு எழுதுங்கோ, கடிதத்தைப் படங்களோடை சேர்த்து அனுப்பிறன்" என்றான். அவனில் ஒரு பிழையும் இல்லை, அவனை ஏசாதே.

மழை திரும்பி வந்திருந்தால் எனக்கும் சந்தோசம்தான் பிள்ளை. ஆனால் பெய்யாத மழையைப் பெய்தது என்று நாலு பேர் முன்னால் நீ சொல்ல நான் காரணமாய் இருக்கக்கூடாது.

உன் வேலை சிறக்க எங்கள் ஆசி எப்போதும் உண்டு. கூட்டத்துக்கு முதல் எலும்புகளைப் படங்களோடு ஒவ்வொன்றாய்ச் சரிபார். கோபம் என்றால் என்னை வாய்நிறைய ஏசு, கதைக்காமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் அம்மா,
ஜெயகௌரி