கோமதி மைனி பார்க்காத நார்வே

என் பிரியமுள்ள கோமதி மைனிக்கு,

நீங்கள் போன பிறகு வருகிற மூன்றாவது சீசன் இது. வீட்டில் இப்போது நான் மட்டும்தான் இருக்கிறேன். மதுரைச் சித்தி குடும்பம் பதினோரு பேரும் ஐந்தருவிக்குக் குளிக்கப் போயிருக்கிறார்கள். உங்கள் தம்பிதான் வேனில் கூட்டிக்கொண்டு போனார். பசியோடு அவர்கள் திரும்பி வர இரண்டு மணியாகிவிடும்.

எனக்குக் கார் பன்னிரண்டரைக்கு வருகிறது. செங்கோட்டை வழியாகத் திருவனந்தபுரம், அங்கிருந்து விமானம். நார்வேக்குப் போகிறேன் மைனி. போகிறேன் என்று எழுதிவிட்டேனே தவிர, வாசலைத் தாண்டுவேனா என்பது எனக்கே இன்னும் நிச்சயமில்லை. பெட்டி கட்டிலுக்கடியில் இருக்கிறது. சொந்த வீட்டில் திருட்டுப் பொருளை ஒளித்து வைத்தவள்போல அரை மணிக்கு ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் தம்பியைக் கட்டிக்கொண்டு நான் இந்த வீட்டுக்கு வந்தபோது, நீங்கள் புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நாத்தனார் இருக்கிற வீடு, பார்த்து நடந்துகொள் என்று என் அம்மா சொல்லி அனுப்பினாள். முதல் சீசன் வந்தபோதுதான் தெரிந்தது, இந்த வீட்டில் என்னோடு சேர்ந்து மாட்டிக்கொண்ட ஒரே ஆள் நீங்கள்தான் என்று.

தென்காசியில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். வைகாசி கடைசியில் காற்று திரும்பும். ஜன்னல் கம்பியில் ஈரம் தெரியும். அன்றைக்கே போன் அடிக்கும். "என்ன, சாரல் விழுதா?" அது கேள்வி இல்லை. உங்கள் வீட்டில் எங்களுக்கு இடம் இருக்கிறதா என்பதுதான் அதற்கு அர்த்தம். விழுகிறது என்று சொல்லிவிட்டால் வாங்க என்றும் சொல்லியாக வேண்டும். விழுகிற சாரலை விழவில்லை என்று சொல்ல இந்த ஊரில் யாருக்கும் வாய் வராது.

அப்புறம் ஆவணி வரைக்கும் நம் இரண்டு பேருக்கும் அடுப்படிதான் உலகம். பாவூர்சத்திரத்திலிருந்து காய்கறி மூட்டையாக வரும். அருவியில் குளித்தவன் பசி யானைப் பசி. காலையில் ஒரு கூட்டம் குளித்துவிட்டு வரும், மத்தியானம் இன்னொரு கூட்டம். மாடிக் கொடியில் ஈரத் துணி காயவே காயாது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று சொன்னவர் சீசனில் தென்காசிப் பக்கம் வந்ததே இல்லை போலிருக்கிறது. குற்றாலத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு நாம் இரண்டு பேரும் அருவியில் தலை நனைத்து எத்தனை வருஷம் ஆயிற்று? உங்களுக்காவது ஞாபகம் இருந்ததா?

என் மகள் ரேவதி நார்வேக்குப் படிக்கப் போன பிறகுதான் அடுப்படிக்குள் இன்னொரு ஊர் வந்தது. அத்தைக்கென்று அவள் அனுப்பிய வீடியோக்களை, உப்பு டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து, வெங்காயம் உரித்துக்கொண்டே பார்ப்பீர்கள். அவள் இருக்கும் பெர்கன் ஊரில் முக்கால்வாசி நாள் மழைதானாம். "இங்கன உள்ள சாரல் போதாதுன்னு இவ அங்கன போயி நனையுதா பாரு" என்று சிரித்தீர்கள்.

பிறகு நார்வேயில் கட்டாயம் பார்க்க வேண்டிய இடங்கள் என்று நீங்களே ஒரு வரிசை வைத்துக்கொண்டீர்கள். அதில் ஊர் உலகம் சொல்கிற நியாயம் எதுவும் கிடையாது, எல்லாம் உங்கள் நியாயம். முதல் இடம் லோஃபோட்டன் தீவுகளுக்கு. கடலிலிருந்து நேரே எழும்பி நிற்கிற மலை, அடியில் சிவப்புச் சிவப்பாய் மீனவர் வீடுகள், மரச் சட்டத்தில் வரிசையாகத் தொங்குகிற மீன். "கருவாடுட்டி! அவ்வளவு தூரம் போனாலும் கருவாடுதான்" என்று உங்களுக்கு ஒரே சந்தோஷம். நம்முடையது கருவாட்டைக் கையால் தொடாத வீடு என்பது அப்போது உங்களுக்கு ஞாபகமே இல்லை.

கெய்ராங்கருக்கு மட்டும் கடைசி இடம் கொடுத்தீர்கள். மலைகளுக்கு நடுவே கடல் நீளமாக உள்ளே புகுந்து வருமே, அந்த ஃபியோர்ட் ஓரத்தில் ஏழு அருவி பக்கத்தில் பக்கத்தில் விழுகிறது. கப்பலில் போகிறவர்கள் தூர நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். "குளிக்க முடியாத அருவி என்னத்துக்கு?" என்று முகத்தைச் சுளித்தீர்கள். ஒரு நிமிஷம் கழித்து, "அதுவும் நல்லதுதான். குளிச்சாத்தான பசிக்கும்" என்றீர்கள். நான் சிரித்த சிரிப்பில் கூடத்திலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

ஹர்டாங்கரில் ஃபியோர்ட் கரை நெடுக ஆப்பிள் தோட்டம், பூக்கிற நேரத்தில் பார்க்க வேண்டும் என்றீர்கள். வடக்கே ட்ரோம்ஸோவில் ஜூன், ஜூலையில் சூரியன் மறையவே மறையாதாம். அதைக் கேட்டதும் நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "ராத்திரியே வராத ஊருல பொம்பள எப்பம்ட்டி படுப்பா? அதைப் போயிப் பாக்கணும்."

ஜூன், ஜூலை. அங்கேதான் மைனி நாம் மாட்டினோம். நார்வே பார்க்கத் தகுந்த மாசமும் குற்றாலம் பார்க்கத் தகுந்த மாசமும் ஒன்றாகவே இருந்து தொலைக்கிறது. ரேவதி வேலைக்குச் சேர்ந்த கையோடு நம் இருவரையும் கூப்பிட்டாள். இரண்டு பேரும் திருநெல்வேலி போய் பாஸ்போர்ட் எடுத்தோம். போட்டோவில் சிரிக்கக் கூடாது என்றதும் உங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் மூன்று தடவை எடுத்தார்கள்.

அதற்கடுத்த சீசனில்தான் உங்களுக்கு வயிறு வலித்தது. ஆட்டுரல் பக்கம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். "சூட்டு வலிட்டி" என்று வெந்தயத்தை வாயில் போட்டுக்கொண்டீர்கள். கூடம் நிறைய ஆள். இலை போட்டாகிவிட்டது. அப்போது நான் ஒரு வார்த்தை சொன்னேன். மூன்று வருஷமாக அதை யாரிடமும் சொல்லவில்லை, இன்றைக்கு எழுதிவிடுகிறேன். "சீசன் முடியட்டும் மைனி, திருநெல்வேலி போயி ஸ்கேன் எடுத்துருவோம்" என்றேன். அன்பாகத்தான் சொன்னேன். நீங்களும் சரி என்றுதான் தலையாட்டினீர்கள்.

ஆவணியில் போனோம். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று கேட்டார். வீட்டில் விருந்தாளிகள் என்று எந்த வாயால் சொல்வேன்? தீபாவளிக்கு நீங்கள் இல்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு எல்லாரும் வந்தார்கள். கோமதி கைப் பக்குவம் யாருக்கும் வராது என்று அழுதார்கள். ஒருத்தர் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, "அருவியில தண்ணி விழுதாமே?" என்று கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வாய் என்ன சொன்னது தெரியுமா? "ஆமா, நல்லா விழுது. குளிச்சிட்டுப் போங்க." துண்டு வேறு எடுத்துக் கொடுத்தேன்.

இந்த வருஷம் ரேவதி கேட்காமலே டிக்கெட் போட்டுவிட்டாள். சென்னை போய் விசாவுக்குக் கைரேகை கொடுத்துவிட்டு வந்தேன். உங்கள் தம்பியும் முதலில் சரி என்றார். சீசனுக்கு யார் கேட்டாலும் ஊரில் இல்லை என்று சொல்வதாகத்தான் பேச்சு. இரண்டு வாரத்துக்கு முன்னால் தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது, மதுரைச் சித்தி. "வடிவு, சாரல் ஆரம்பிச்சிருச்சா?" என்றாள். "ஆமா சித்தி, மூணு நாளா நல்ல சாரல். எல்லாரும் வாங்க" என்றேன். போனை வைத்த பிறகுதான் எனக்கே உறைத்தது. நுணலும் தன் வாயால் கெடும். யாரும் என்னைப் பிடித்துத் தள்ளவில்லை, நானே கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

உங்கள் தம்பி கோபப்படக்கூட இல்லை, சமாதானமாகத்தான் பேசினார். "கூப்பிட்டுட்டு வீட்ல இல்லாம போனா நல்லாவா இருக்கும்? டிக்கெட்ட மாத்தச் சொல்லு. சீசன் முடியட்டும், நானே ஏத்தி விடுதேன்." சீசன் முடியட்டும் என்ற அந்த இரண்டு வார்த்தை. நான் உங்களுக்குச் சொன்ன அதே குரல், அதே அன்பு. அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் டிக்கெட்டை மாற்றச் சொல்லாமல் அப்படியே விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வந்து இறங்கினார்கள். மூன்று நாளும் ஆக்கிப் போட்டேன். இன்று காலையில் இட்லி எடுத்து வைத்துக்கொண்டே சித்தியிடம் சொன்னேன்.

"சித்தி, நான் இன்னைக்கு நார்வே போறேன்."

"ரேவதிக்கு விசேஷமா? சொல்லவே இல்லையே!" என்று முகம் மலர்ந்தாள்.

"விசேஷம்லாம் இல்ல."

"உடம்புக்கு எதுவும் முடியலையா?"

"அவ நல்லாத்தான் இருக்கா. நான் சும்மா பாக்கப் போறேன்."

"சும்மாவா?" என்றாள் சித்தி. மகள் பிரசவத்துக்குப் போகிறேன் என்றால் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணி அனுப்பியிருப்பாள். பத்தியம் பார்க்கப் போகலாம், பிள்ளை தூக்கப் போகலாம். சும்மா பார்க்கப் போகிற பொம்பளையை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அடுத்து, "அப்ப மத்தியானச் சாப்பாடு?" என்று கேட்டாள். நான் அடுப்பைக் காட்டினேன். சோறு வடித்து, சாம்பார், இரண்டு பொரியல், அப்பளம் வரைக்கும் முடித்திருந்தேன் மைனி. ஓடிப்போகிற அன்றைக்கும் ஆக்கி வைத்துவிட்டு ஓடுகிறவளை என்னவென்று சொல்வது?

உங்கள் தம்பி வேன் சாவியை எடுக்க உள்ளே வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. சாவியைப் பார்த்துக்கொண்டே ஒன்று கேட்டார். "எங்க அக்கா இருந்தா இப்படிச் செய்வாளா?"

கேட்டுவிட்டுப் போய்விட்டார். அப்போதிருந்து இந்த அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறேன். பெட்டியைத் தூக்கப் போனால் அந்தக் கேள்வி கையைப் பிடிக்கிறது. உங்களைச் சொல்லி என்னைக் கட்டிப் போட முடியும் என்று அவருக்குத் தெரியும். இந்த உலகத்தில் வேறு யாரைச் சொல்லியிருந்தாலும் நான் பொருட்படுத்தியிருக்க மாட்டேன்.

அவருக்குச் சொல்லாத பதிலை உங்களுக்கு எழுதுகிறேன். செய்திருக்க மாட்டீர்கள் மைனி. நீங்கள் ஒருநாளும் இப்படிச் செய்திருக்க மாட்டீர்கள். கடைசி ஆள் கை கழுவுகிற வரைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பீர்கள். அப்படி நின்றுதான் செத்துப்போனீர்கள். நில்லுங்கள் என்று சொன்னவள் நான்.

வாசலில் கார் வந்துவிட்டது. டிரைவர் ஹாரன் அடிக்கிறார். பெட்டியை இழுத்து வாசலில் வைத்துவிட்டு வந்து இதை முடிக்கிறேன். என்னை மன்னித்தீர்களா என்று கேட்கமாட்டேன், கேட்டால் உடனே மன்னித்துவிடுவீர்கள், உங்கள் குணம் அப்படி. வாக்கு மட்டும் ஒன்று தருகிறேன். இனி எனக்கு எங்கே வலித்தாலும் அன்றைக்கே சொல்வேன். கூடத்தில் எத்தனை இலை போட்டிருந்தாலும், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்வேன்.

உங்கள் தம்பி பொண்டாட்டி,
வடிவு