ஒவ்வொரு ஸ்கிரீனிலும் அதே நாலு வேலை

10, திங்கள்

காலையிலிருந்து தூறல். மணவாள நகரில் கம்பெனி வேன் லேட். தேர்வாய் கண்டிகை போய் இறங்கும்போது சுடிதாரெல்லாம் சேறு.

வேலை: ஆலையின் எல்லாப் பதிவு ஸ்கிரீனிலும் இரத்த வகை சேர்க்கணும். நிரந்தரத் தொழிலாளி, கான்ட்ராக்ட் தொழிலாளி, லாரி டிரைவர், விசிட்டர், இன்னும் என்னென்னவோ. எல்லாவற்றிலும் அதே நாலு வேலை. சேர், காட்டு, திருத்து, அழி. ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி புரோகிராம்! யாரோ காப்பி அடித்து ஒட்டிப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். எழுத்துப் பிழைகூட அப்படியே. ஒரே மாற்றம், ஸ்கிரீன் ஸ்கிரீனாக. கை விட்டுப்போச்சு.

எங்கள் சாஃப்ட்வேர் கம்பெனியின் டீம் லீட் பாஸ்கர் சாரிடம், "ஒரே இடத்துல எழுதிடலாமா சார்?" என்றேன்.

"ஓடினுகீறத ஏம்மா நோண்டுற?"

11, செவ்வாய்

பேக்கிங் செக்‌ஷன் செல்வியைக் கேட்டில் நிறுத்திவிட்டார்கள். கான்ட்ராக்ட் ஆள், பொதட்டூர்பேட்டைக்காரி. விசிட்டர் சீட்டு வாங்கிக்கொண்டு நேராக என் மேஜைக்கே வந்தாள்.

"என் பேரே இல்லன்றான் மேடம். அஞ்சு வருஷமா வந்துனு போய்னு கீறேன், நான் இன்னா பூதமா?"

பார்த்தேன். நேற்று சூப்பர்வைசர் கைதவறி 'அழி'யை அமுக்கியிருக்கிறார். மற்ற ஸ்கிரீனில் அமுக்கினால் பெயர் மறையும், அவ்வளவுதான், திரும்ப எடுக்கலாம். அந்தத் திருத்தத்தை எல்லா இடத்திலும் செய்தவர் இந்தக் கான்ட்ராக்ட் ஸ்கிரீனில் மட்டும் மறந்துவிட்டார். இதில் ஆளே காலி.

பாஸ்கர் சார் அவள் பெயரைப் புதிதாக ஏற்றினார். சேர்ந்த தேதி: இன்று.

"பேரு வந்துட்ச்சில்ல? அப்புறம் இன்னா?"

செல்வி நகரவில்லை. "அஞ்சு வருஷம் ஆனவங்களத்தான் பர்மனென்ட் பண்றாங்களாம். இன்னிக்குதான் சேந்தேன்னு போட்டா எப்டி சார்?"

அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். மத்தியானத் தயிர்சாதம் அப்படியே வீட்டுக்குத் திரும்பியது.

12, புதன்

ஆலையின் சர்வர் அறையில் கெஞ்சி, ஞாயிற்றுக்கிழமை எடுத்துவைத்த பேக்கப் நகலை வாங்கினேன். செல்வியின் பழைய பதிவு இருந்தது. தேதியோடு திரும்ப ஏற்றினேன். செல்விக்குப் போனில் சொன்னேன். தேதியை ரெண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

ஆத்திரம் அடங்கவில்லை. உட்கார்ந்து எழுதினேன். நாலு வேலைக்கும் ஒரே பொது புரோகிராம். எந்த ஸ்கிரீனில் என்னென்ன கட்டம் என்று மட்டும் சொன்னால் போதும். அழிக்கிற விதி ஒரே இடத்தில். டெஸ்ட் சர்வரில் ஓடுகிறது.

(கேஸ் சிலிண்டர் புக் பண்ணணும்.)

13, வியாழன்

காட்டினேன். பாஸ்கர் சார் கதவைச் சாத்தினார்.

"ஸ்கிரீன் கணக்குலதான் நமக்கு பில்லு. அல்லாத்தையும் சுருக்கி வெச்சா ஆலைக்காரன் இன்னா கேப்பான்?"

ஓ. சோம்பலில் காப்பி அடித்ததல்ல. இதற்காகத்தான்!

"அந்தப் பொண்ணோட அஞ்சு வருஷம் போயிருக்கும் சார்."

"போவலியே. சும்மா பேஜாரு பண்ணாத. பழசே இருக்கட்டும்."

"அப்ப, ஆளு அழியும்னு தெரிஞ்சும் பழசையே வெச்சோம்னு மெயில் போடுங்க. நான் தொடல."

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன்.

14, வெள்ளி

மெயில் வந்தது. வேறு மெயில். திங்கள் முதல் எனக்கு ஓரகடம் சைட்டுக்கு மாற்றல். திருவள்ளூரிலிருந்து எப்படிப் போவது என்று யாரும் கேட்கவில்லை. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

சாயங்காலம் பாஸ்கர் சாரே வந்து பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆலைக்காரர்கள் புதிதாக ஏழெட்டு ஸ்கிரீன் கேட்கிறார்களாம், அவசரமாம்.

"உன் பொது புரோகிராமையே லைவ்ல போட்டுக்கலாம். புது ஸ்கிரீன் எப்டி சேக்கறது, சொல்லிக் குடுத்துட்டுப் போம்மா."

வேலை ஒரு மணி நேரத்தில் முடியும். பில் மட்டும் ஸ்கிரீன் கணக்கில். முகத்தில் கூச்சமே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தேன்.

"கட்டம் எது வேணா மாத்துங்க சார். இந்த அழிக்கிற இடத்த மட்டும் தொடாதீங்க. இப்ப ஒண்ணுதான் கீது. தப்பாச்சுன்னா அல்லாரும் போயிடுவாங்க."

எழுதிக்கொண்டார். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.