சிவப்புக் கோடு போட்ட புட்டிகள்

பிப்ரவரி 11
அண்ணன் தோட்டத்துத் திராட்சைக் குச்சிகள் துளிர்விட்டிருந்தன. இன்று ஆய்வகத்தில் நுண்ணோக்கியின் கீழ் வைத்து நுனிகளை வெட்டி, செடிக்கான சத்துக் கூழ் ஊற்றிய புட்டிகளில் நட்டேன். ஒவ்வொன்றும் மணலைவிடப் பொடி. கொடி முழுக்க வைரஸ். அந்த நுனிக்குள் மட்டும்தான் இன்னும் ஏறியிருக்காது. சின்னதாக வெட்டினால் சுத்தம், ஆனால் பிழைப்பது அரிது. பெரிதாக வெட்டினால் பிழைக்கும், நோயும் கூடவே வரும்.

இந்த ரகம் அண்ணனிடம் தவிர வேறு யாரிடமும் இல்லை.

பிப்ரவரி 12
நேற்று எழுதாமல் விட்டது: கடைசி வரிசையைக் கொஞ்சம் பெரிதாகவே வெட்டினேன். ஒன்றுமே பிழைக்காவிட்டால்? அந்தப் புட்டிகளில் சிவப்புக் கோடு போட்டுத் தனியாக வைத்திருக்கிறேன்.

மார்ச் 3
பழுப்பு. இன்றும் சின்ன நுனிகள் பழுப்பாகிச் சாகின்றன. கூழ் காய்ச்சும் எங்கள் ஆய்வகக்காரருக்குப் பட்டப்பெயர் தும்மல். நுனி வெட்டும் அறைப் பக்கமே அவரை விடமாட்டோம். கதவுக்கு வெளியே நின்று, "எட்டி எட்டிப் பாத்தா மட்டும் வளந்துடுமா?" என்றார். வாயை மூடிக்கொண்டு போனால் என்ன இந்த மனுஷன்?

மார்ச் 29
சிவப்புக் கோடு எல்லாம் தளதளவென்று நிற்கிறது. சின்ன நுனிகளில் மிச்சம் ஒன்றே ஒன்று.

அண்ணன் போன். "பாப்பா, செடி எப்பக் கிடைக்கும்?" காரியம் ஆக வேண்டுமென்றால்தான் நான் பாப்பா.

மே 17
அண்ணன் நேரிலேயே வந்துவிட்டான். கண்ணாடி வழியாகச் சிவப்புக் கோடுகளைப் பார்த்து, "இவ்வளவு பச்சையா இருக்கே, இன்னும் என்ன?" என்றான். பரிசோதனை முடிவு வரட்டும் என்றேன்.

"உனக்கு எல்லாத்துக்கும் ஒரு பரிசோதனை. உனக்குப் பாத்த மாப்பிள்ளையையும் இப்படித்தான் அலசிப் பாத்த. கடைசில என்ன ஆச்சு?"

சுருக்கென்று இருந்தது. அதை எதற்கு இங்கே இழுக்கிறான்? நான் பதிலுக்குப் பழைய கொடிகளைப் பிடுங்கினாயா என்று கேட்டேன். அவை நிற்கும்வரை, அவற்றிலிருந்து மாவுப்பூச்சி இந்த வைரஸைப் புதுச் செடிக்கும் கொண்டுவந்துவிடும். "புதுசு கைக்கு வராம பழசுல கை வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

ஜூன் 9
முடிவு வந்தது. சிவப்புக் கோடு அத்தனையிலும் நோய். அந்த ஒற்றைச் செடி மட்டும் சுத்தம்.

ஜூன் 10
சிவப்புக் கோடு எல்லாவற்றையும் ஆட்டோகிளேவ் என்கிற நீராவிக் கொப்பரையில் போட்டு அவித்தேன். பச்சை போய்க் கீரை மசியல் மாதிரி வெளியே வந்தது.

அண்ணனிடம் மறைக்காமல் சொன்னேன், பெரிதாக வெட்டியதையும் சேர்த்து.

"ஏன் அப்படிப் பண்ண?"

"பயந்துட்டேன்ணா."

"கைக்கு எட்டினது வாய்க்கு எட்டல" என்றான். போனை வைத்துவிட்டான்.

ஜூன் 24
ஒற்றைச் செடியில் மூன்று கணுக்கள். பெருக்க வேண்டுமென்றால் அதைத்தான் வெட்ட வேண்டும். "இருக்கறது ஒண்ணு, அதையுமா?" என்றார் தும்மல். வெட்டாமல் விட்டால் பழைய கூழிலேயே கருகிப்போகும்.

கிருமி போகப் பிளேடைச் சுட்டேன். ஆறிவிட்டதா? மறுபடி பார்த்தேன். ஒரு கணுவுக்கு ஒரு துண்டு. இப்போது இந்த ரகத்தில் நோயில்லாத முழுச்செடி என்று உலகத்தில் ஒன்றுமில்லை — என்ன பண்ணித் தொலைச்சேன் நான்?

ஜூலை 2
அப்படியே இருக்கின்றன. சாகவுமில்லை, வளரவுமில்லை.

ஜூலை 6
ஒரு புட்டியில் வெள்ளைப் பூஞ்சை. மூடியைத் திறக்காமலே அவிக்கப் போட்டேன். மீதி இரண்டு. பூஞ்சை என் கையிலிருந்து வந்ததோ என்று யோசித்து யோசித்துச் சாப்பாடு இறங்கவில்லை.

ஜூலை 15
இரண்டிலும் இலை. வேரும்கூட. தும்மலைக் கண்ணாடிக்கு வெளியே நிற்கவைத்துக் காட்டினேன். மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார். இரண்டு பிழைத்துவிட்டன என்று அண்ணனுக்கு ஒரு வரி மட்டும் அனுப்பினேன்.

ஜூலை 16
காலையில் அண்ணன் போன். பின்னால் ஏதோ எந்திரம் உறுமிக்கொண்டிருந்தது.

"மெஷின் வந்து நிக்குது. பழசைப் பிடுங்கிடலாம்ல?"

"ரெண்டுதான்ணா இருக்கு."

"ரெண்டு இருக்குல்ல."

"எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான்" என்றான். பிறகு போனை வைக்காமலே மெஷின்காரரிடம் ஏதோ சொன்னான். உறுமல் பெரிதானது. பழைய கொடிகளில் ஒரு வரிசையைப் பிடுங்கி முடிக்கும்வரை இருவரும் லைனிலேயே இருந்தோம்.