கடைக்கு மேல் எங்கள் வீடு

ஜூன் 9, திங்கள்

விடாத மழை. ஓடு ஒழுகுகிறது, ஹாலில் இரண்டு வாளி. முட்டி வலி கூடுதல். போன மாதம் பின்சந்துப் படியில் விழுந்ததிலிருந்து கீழே இறங்கவே இல்லை. ஏணி மாதிரி செங்குத்து, ஒரு ஆள் அகலம்.

வாங்க: சீரகம், தைலம்.

மகன் சலீம் வந்தான். "அம்மா, சந்திரா நகருக்கு வந்துருங்க. நம்ம ஃப்ளாட்ல லிஃப்ட் இருக்குது." அப்புறம் கீழே எங்கள் துணிக்கடையில் என் வீட்டுக்காரர் அவனிடம் சொன்னது பலகைத் தரை வழியே நன்றாகவே கேட்டது: "கூட்டிட்டுப் போயிரு. நான் கடையப் பாத்துட்டு இங்கயே இருந்துக்கறேன்."

இத்தனை வருட வாழ்க்கை. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்! மத்தியானக் குழம்பில் உப்பு போடவில்லை. வேண்டுமென்றேதான். ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார்.

ஜூன் 10, செவ்வாய்

தூறல். வீட்டின் உறுதியைப் பார்க்க சலீம் இன்ஜினியரைக் கூட்டி வந்தான். உத்தரமெல்லாம் தேக்கு, குறையே இல்லையாம். பின்படியைத் தொட்டால் மட்டும் சுவர் நிற்காது. போகும்போது கடைக்குள் நின்று கேட்டாராம், லுங்கி அடுக்கியிருப்பது படிக்கட்டுதானே என்று.

படிக்கட்டேதான். மூட்டை ஏற்றக் கட்டிய அகலப் படி. பெண்கள் கடை வழியாக வரக்கூடாது, மாமனார் வைத்த வழக்கம். மூட்டை ஏற்றுவது நின்றதும் படியெல்லாம் லுங்கி. மேல்கதவை என் பீரோ மறைத்தது. படி என்பதே எல்லோருக்கும் மறந்துபோயிற்று, எனக்கும்தான். இப்போது எனக்கு அதில் இறங்க ஆசை வந்துவிட்டது.

ஜூன் 12, வியாழன்

வெயில். கீழே தடதடவென்று சத்தம். பக்கத்துக் கடைக்காரர் குரல்: "ஏனுங்க பாய், கடையக் காலி பண்றீங்களா?"

"இல்லீங்க. ஊட்டுக்காரிக்கு வழி."

பீரோவை நகர்த்த மேலே வந்தார். "அன்னிக்கு சலீம்கிட்ட சொன்னது கேட்டுருச்சா?"

"குழம்பு சொல்லலீங்களா?"

"நீ விழுந்து கெடந்தப்ப நான் துணி கிழிச்சுட்டிருந்தேன். எனக்குக் கேக்கவே இல்ல. அதுலிருந்து பயம்."

பாவம் மனுஷன். கோபமெல்லாம் போய்விட்டது.

ஜூன் 14, சனி

கடை நேரத்தில்தான் இறங்க வேண்டும் என்று இவர் பிடிவாதம். நல்ல சேலை, முக்காடு. கைப்பிடி வழவழ. கடையில் கூட்டம், எல்லோரும் பார்த்தார்கள். கூச்சம் பிடுங்கித் தின்றது. இவர் கல்லாவை விட்டு எழுந்து, "வாங்க, உக்காருங்க" என்றார். கல்யாணமானதிலிருந்து 'நீ'தான்.

உட்கார்ந்து, மூச்சு வாங்கிய பிறகு, நான் வரவில்லை என்று சலீமிடம் சொல்லச் சொன்னேன்.

புதன்கிழமையே இவர் அவனிடம் சொல்லிவிட்டாராம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.